பாறையை நனைத்தவள்

பயிற்சியின் முதல் நாள் உங்கள் ஆறு பேருக்கும் ஒரு கையேடு கொடுத்திருப்பார்கள். அதன் பதினோராம் பக்கத்தில் ஒரு வரி இருக்கும்: “ஓவியங்களின் மீது எக்காரணம் கொண்டும் தண்ணீர் தெளிக்கக் கூடாது.” நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த வரி கிடையாது. நான் செய்த ஒரு காரியத்துக்குப் பிறகு சேர்த்தார்கள்.

இப்படி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். எனக்கு வயது முப்பத்தொன்று. எட்டு வருடம் புடவில் வழிகாட்டியாக இருந்துவிட்டு, தேர்வெழுதி, அடுத்த மாதம் வேறு மாவட்டத்தில் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போகிறேன். மலை வேலையைப் பொறுத்தவரை நானும் ஓய்வு பெற்றவள்தான். போவதற்கு முன் புதியவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். பாதை எங்கே பிரிகிறது, காட்டுமாடு குறுக்கே நின்றால் எவ்வளவு தள்ளி நிற்பது, அட்டை ஏறினால் என்ன செய்வது என்பதெல்லாம் மேலே போன ஒரு வாரத்தில் உங்களுக்கே பழகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இடத்தை மட்டும் சொல்கிறேன். கோம்பைக்கு மேற்கே தென்னந்தோப்புகள் முடிகிற அடிவாரத்தில், காட்டுக்குள் போகிறவர்களை நிறுத்திப் பார்க்கும் நம் சோதனைக் கம்பி இருக்கிறது. அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் ஏறினால் புடவு. மழைக்கு ஆளும் ஆடும் ஒதுங்கி நிற்கும்படி உள்வாங்கிக் கிடக்கும் பாறையைத்தான் இந்தப் பக்கம் அப்படிச் சொல்கிறோம். சுற்றியிருப்பது காப்புக் காடு. பாறை, பாதுகாக்கப்பட்ட சின்னம். அதன் உட்சுவரில் செங்காவி நிறத்தில் ஐந்து உருவங்கள் இருந்தன. கோல் பிடித்த நான்கு மனிதர்கள். அவர்களுக்கு முன்னால், என் உள்ளங்கை அளவில், வாலைச் சுருட்டி மேலே தூக்கிய ஒரு விலங்கு. எத்தனை ஆயிரம் வருடப் பழமை என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. நீங்கள் பார்க்கும்போது நான்கு மனிதர்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா விடியுமுன் ஜீப் ஏறி மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போவார். அப்பா கம்பத்துத் திராட்சைத் தோட்டங்களில் பந்தல் வேலை பார்த்தார். ரேஷன் அட்டையில் இருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வரை எங்கள் தெருவுக்கு வந்த எந்தத் தாளும் என் கைக்குத்தான் வரும். பத்து வயதில் இருந்தே, நான் படித்துச் சொன்னால் அதற்கு மறுபேச்சு இருக்காது. அதில் எனக்குப் பெருமை இருந்தது, இப்போதும் இருக்கிறது. இங்கே அதைச் சொல்லக் காரணம், நடந்த தவற்றில் அந்தப் பெருமைக்கும் பங்குண்டு.

புடவுக்கு ஒரு காவலாளி உண்டு. நான் சேர்ந்தபோதே அவருக்குப் பதினாறு வருடச் சேவை ஆகியிருந்தது, பதினாறு வருடமும் தற்காலிகப் பணியாளராக. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அண்ணன் என்றே எழுதுகிறேன். கையெழுத்துப் போடுவார், படிக்கத் தெரியாது. பாறையில் பெயர் கீற வருகிறவர்களைத் தடுப்பதுதான் அவருடைய பெரிய வேலை. அவர்கள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நீ யாருய்யா கேக்குறதுக்கு?” என்பார்கள். அதனால் அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. “நிரந்தரம் ஆனா காக்கிச் சட்டை குடுப்பாகளாம்ல தாயி. சட்டையப் போட்டுக்கிட்டு நின்னா ஒரு பய ஆணிய எடுக்க மாட்டான்.”

நம்மிடம் வருகிறவர்களின் முகம் மேலே போனதும் விழுந்துவிடும். அதை நீங்களும் பார்ப்பீர்கள். காய்ந்திருக்கும் பாறையில் செங்காவி மங்கலாகத்தான் தெரியும்.

“எங்கனம்மா இருக்கு?”

“இங்கன, என் விரலுக்கு நேரா பாருங்க.”

“அழுக்கு மாதிரி ஏதோ செவப்பா இருக்கு. இதுக்கா இம்புட்டுத் தூரம் மூச்சு வாங்க ஏறுனோம்?”

இதைக் கேட்கும்போதெல்லாம் என்னையே குறை சொல்வதாக எடுத்துக்கொண்டேன். இரண்டாவது வருடம் வெளியூர் ஒன்றுக்குச் சுற்றுலா போயிருந்தபோது, அங்கே பாறை ஓவியம் காட்டிய வழிகாட்டி பாட்டிலில் இருந்து தண்ணீரைப் பாறைமேல் வீசினார். மங்கிக் கிடந்த உருவங்கள் அப்போதுதான் தீட்டியதுபோல் எழுந்து வந்தன. ஊருக்குத் திரும்பிய உடனே, திராட்சைக்கு மருந்தடிக்கும் சின்னக் கைத்தெளிப்பான் ஒன்று புதிதாக வாங்கினேன். அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் மலை ஏறினேன்.

முதல் நாள் வந்தவர்களில் கோம்பைப் பெரியவர் ஒருவரும் கம்பத்தில் இருக்கும் அவருடைய மருமகனும் இருந்தார்கள். நான்கு தடவை அழுத்தினேன். அந்த விலங்கு பாறையில் இருந்து குதித்து வந்ததுபோல் தெரிந்தது. பெரியவர் கையைத் தட்டினார்.

“எங்க கோம்பை வேட்டை நாயாக்கும் இது. வாலப் பாரு.”

“அது நரி மாமா. நாலு பேரும் அதத்தான் வெரட்டுறாக.”

“வெரட்டுனா அது தெறிச்சுல்ல ஓடும்? இது ஆளோட ஒட்டி ஓடுது. கண்ணு தெரியலன்னா திராட்சைக்கு மருந்தடிக்கிறத நிப்பாட்டு.”

“உங்க ஊர்க்காரகளுக்கு நாலு காலும் ஒரு வாலும் இருந்தாப் போதும், எல்லாமே கோம்பை நாயி.”

கீழே இறங்கும் வரை இருவரும் அதையே பேசிக்கொண்டு வந்தார்கள். அடுத்த வாரம் கோம்பையில் இருந்து இரண்டு வேன்களில் ஆட்கள் வந்தார்கள், அவர்கள் ஊர் நாயைப் பார்க்க. வருகைப் பதிவேட்டில் பாராட்டு எழுத இடம் போதவில்லை. எங்கள் அலுவலர் என்னைக் கூப்பிட்டு, “இதுவரைக்கும் எவனும் அந்தப் புடவ இப்படிக் காட்டுனதில்லம்மா” என்றார். சிறந்த வழிகாட்டி என்று சான்றிதழ் ஒன்றும் வந்தது. அம்மா அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினார்.

அந்த நாட்களில் ஒரு மாலை, ஆட்கள் இறங்கிய பிறகு அண்ணன் கேட்டார்.

“தாயி, தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாதுல்ல?”

நான் தெளிப்பானின் மூடியைத் திருகிக்கொண்டே பதில் சொன்னேன். “இம்புட்டு வருசம் எத்தன மழை பாத்த பாறைண்ணே. இந்தத் தண்ணியா கரைக்கப் போகுது?”

“அதுவும் சரிதான். படிச்ச புள்ள நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

நான் சொன்னது தவறு. அந்தச் சுவர் மழையைப் பார்த்ததே இல்லை. மழை படாத இடம் என்பதால்தான் வரைந்தவர்கள் அதைத் தேடிப் பிடித்து வரைந்திருக்கிறார்கள், அதனால்தான் அது அத்தனை காலம் இருந்திருக்கிறது. அந்தச் சுவருக்கு எதிரில் நின்று, தலைக்கு மேல் கூரைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையின் நிழலில் நின்றுகொண்டுதான் நான் அந்தப் பதிலைச் சொன்னேன். அண்ணாந்து பார்த்திருந்தால் போதும். யோசிக்க அரை நிமிடம் எடுத்திருந்தாலும் போதும். என்னிடம் யாராவது கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லிப் பழகியிருந்தேன்.

அடுத்த வருடம் பட்டயப் படிப்புக்காக இரண்டு மாதம் மதுரையில் தங்க வேண்டியிருந்தது. தெளிப்பானை என்னுடன் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். போகும்போது அண்ணனிடம், “ஆள் வந்தா நீங்களே கொஞ்சம் நனைச்சுக் காட்டுங்க” என்று சொன்னேன்.

திரும்பி வந்து மேலே போனபோது, புடவின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம் கவிழ்த்து வைத்திருந்தது. அண்ணன் தினமும் காலையில் மேற்கே இருக்கும் சுனையில் தண்ணீர் மொண்டு வந்து சுவரில் ஊற்றியிருந்தார். (இதை அவருக்குப் படித்துக் காட்டியபோது ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: சுனை வடக்கே இருக்கிறது என்று எழுதியிருந்தேன், மேற்கே என்று மாற்றச் சொன்னார்.)

“தினமுமா ஊத்துனீக? ஆள் வந்தாத்தானே சொன்னேன்.”

“ஆள் எந்நேரம் வருவாகன்னு யாரு கண்டா? வாரப்ப பளிச்சுன்னு இருக்கட்டும்னுதான். அதோட…” என்று கொஞ்சம் தயங்கினார். “கல்லுன்னா காலையில ஒரு கொடம் ஊத்துறது வழக்கந்தானே தாயி. ஊர்ல எந்தச் சாமிய நாம காய விட்டோம்?”

செருப்பைப் பாறைக்குக் கீழேயே கழற்றிவிட்டுத்தான் அவர் ஏறி வந்திருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரைத் தடுக்கவில்லை. என்னுடைய வித்தையை அவர் பூசையாகவே ஆக்கிவிட்டார் என்று வகுப்புத் தோழிகளிடம் சொல்லவும் செய்தேன்.

நாயின் கால்களில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பறவை எச்சம் என்று நினைத்தேன். தெளித்தேன், மறைந்தது. இங்கே நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த வெள்ளை, நனைந்தால் கண்ணுக்குத் தெரியாது. காய்ந்தால் முன்பைவிடக் கனமாக வரும். வந்தால் மறுபடியும் நனைப்போம். செய்த கேட்டை அதே தண்ணீர் மறைத்துக்கொண்டும் இருந்தது. இப்படியே ஏழு மாதம் ஓடியது.

சித்திரை வெயிலில், தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவில் இருந்து ஓர் அம்மையார் ஆய்வுக்கு வந்தார். எங்கள் அலுவலரும் கூட ஏறி வந்தார். அன்று அண்ணன் சோதனைக் கம்பியில் அவர்களுக்காகக் காலையில் இருந்து காத்து நின்றதால் குடம் ஊற்றவில்லை. சுவர் நன்றாகக் காய்ந்திருந்தது. அம்மையார் பாறையைத் தொடாமல், சின்னப் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பாமலே கேட்டார்.

“இது எத்தனை நாளா நனையுது?”

அவர் குனிந்து, சுவரடியில் மண்ணோடு கிடந்த சிவப்புத் தூளை ஒரு தாளில் எடுத்துக் காட்டினார். “வீட்டுச் சுவர் உப்புப் பூத்துப் பொரிஞ்சு கொட்டும், பார்த்திருக்கீங்களா? அதேதான். தண்ணி உள்ள போய் பாறைக்குள்ள இருக்கிற உப்பை வெளிய இழுத்துட்டு வருது. உப்பு உரியும்போது சாயமும் சேர்ந்து உரியுது. இதுதான் அந்த விலங்கோட பின்னங்கால்.”

அலுவலரின் கண் கவிழ்த்து வைத்திருந்த குடத்தில் போய் நின்றது.

“என்னய்யா, நீயா ஊத்துன?”

“ஆமாங்க. தெனமும் ஊத்துவேன்.”

“யாரு ஊத்தச் சொன்னா?”

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. “யாரும் சொல்லலங்க. நானாத்தான்.”

தெளிப்பான் என் தோள்பையில் இருந்தது. அம்மையார் அடுத்த கேள்வியைக் கேட்கும் வரை எனக்குப் பத்து நொடி இருந்திருக்கும். பத்து நொடியில் ஒரு மனம் எவ்வளவு கணக்குப் போடும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். அலுவலர் என்னை மேற்பயிற்சிக்குச் சிபாரிசு செய்திருந்தார். பெண்ணை மலைக்கு அனுப்ப வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொன்னவர்கள் அலுவலகத்திலும் இருந்தார்கள், ஊரிலும் இருந்தார்கள். வீட்டுச் சுவரில் சான்றிதழ் இருந்தது. பத்து நொடி முடிந்தது. அம்மையார் வேறொன்றைக் கேட்டார், நான் அதற்குப் பதில் சொன்னேன்.

இறங்கும் வழியில், அவர்கள் இருவரும் முன்னால் போன பிறகு அண்ணனிடம் கேட்டேன்.

“ஏண்ணே அப்படிச் சொன்னீக?”

“நான் ஊத்தலயா?”

“நான்தானே சொன்னேன்.”

“நீ ஆள் வந்தா நனைக்கச் சொன்ன. நான் ஊத்துனது தெனமும். ரெண்டும் ஒண்ணா?”

அவர் ஏதோ எனக்குச் சலுகை செய்வதாக நினைத்துச் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அதுதான் நடந்தது. ஆனால் எனக்கு அது ஒரு நிழலாக அமைந்துவிட்டது. நான் சொன்னது கொஞ்சம், அவர் செய்தது அதிகம். இந்த நிழலில் பதினோரு நாள் இருந்தேன். வழக்கம்போல் ஆட்களைக் கூட்டிப் போனேன், தெளிப்பானை மட்டும் எடுக்கவில்லை. அண்ணனும் குடத்தைக் கீழே கொண்டு போய்விட்டார். அந்த நாட்களில் நாயின் வால் உதிர்ந்தது.

பதினோராம் நாள் அலுவலர் ஒரு தாளை என்னிடம் நீட்டினார். “அவனுக்கு வந்திருக்கு. நீயே படிச்சுச் சொல்லி, கையெழுத்து வாங்கிட்டு வந்துரு.”

சிறு வயதில் இருந்து நான் பார்த்த வேலைதான் அது. அண்ணன் அடிவாரத்தில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். எதிரில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் மீது மேற்படி பணியாளர் தன்னிச்சையாகத் தண்ணீர் ஊற்றி…

“தன்னிச்சையான்னா?”

“நீங்களா. யாரும் சொல்லாம.”

“சரி. மேல படி.”

அடுத்த வரியில் அவரைப் பணியில் இருந்து நிறுத்தி வைப்பதாக இருந்தது. அங்கே நிறுத்திவிட்டேன்.

“படி தாயி. இன்னும் இருக்குல்ல.”

“நாளையில இருந்து வர வேண்டாங்கிறாகண்ணே.”

அவர் மரத்தடியில் கிடந்த ஒரு குச்சியை எடுத்து இரண்டாக ஒடித்தார். “பதினெட்டு வருசம்” என்றார். துண்டுகளைக் கீழே போட்டுவிட்டு, “சட்டை வருமா வராதான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். வேலையே போயிருச்சா” என்றார். பேனாவுக்காகக் கை நீட்டினார்.

“போடாதீகண்ணே. கொஞ்சம் பொறுங்க.”

அலுவலரிடம் திரும்பிப் போனேன். கையெழுத்து இல்லாத தாளை மேசையில் வைத்துவிட்டு, நடந்ததை முதலில் இருந்து சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“இத இப்பச் சொல்லி என்னம்மா பண்ணப் போற? அவன் ஒத்துக்கிட்டான். காகிதம் முடிஞ்சுருச்சு.”

“அவரு ஒத்துக்கிட்டது நான் செஞ்சதுக்கு சார்.”

“நீ தெளிக்கத்தான சொன்ன? கொடம் கொடமா ஊத்தச் சொன்னியா?”

“இல்ல சார். ஒண்ணும் ஆகாதான்னு அவரு என்னயக் கேட்டாரு. ஆகாதுன்னு சொன்னேன். எனக்குத் தெரியாது சார், ஆனாலும் சொன்னேன். அத நம்பித்தான் அவரு ஊத்துனது.”

“பொம்பளப் புள்ள வேண்டாம்னு சொன்னவுகட்ட உனக்காக நான் பேசியிருக்கேன். இப்ப என் வாயையும் சேத்துல்ல அடைக்கிற.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்காகப் பேசியவர் அவர்தான், நான் விழுந்தால் அவருக்கும் அடிபடும். அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். “எழுதிக் குடுத்துட்டா திரும்ப வாங்க முடியாது. யோசிச்சுக்க.”

நின்றுகொண்டே எழுதினேன். தெளிப்பான் வாங்கியது, பாறை மழையில் நனைந்தது என்று சொன்னது, மதுரைக்குப் போகும்போது நனைக்கச் சொல்லிவிட்டுப் போனது, வெள்ளையைப் பார்த்த பிறகும் தெளித்தது, ஆய்வு நாளில் பேசாமல் நின்றது. ஒரு பக்கம் வந்தது. கீழே கையெழுத்துப் போட்டேன்.

அண்ணன் மீதான உத்தரவு ரத்தானது. என்னை ஒரு வருடம் மலையில் இருந்து இறக்கித் தேனி அலுவலகத்தில் பதிவறைக்கு அனுப்பினார்கள். மேற்பயிற்சி வேறொருவருக்குப் போனது. “அப்பவே சொன்னோம்ல” என்று பேசியவர்கள் பேசினார்கள். சான்றிதழை அம்மா கழற்றவில்லை. நானே கழற்றினேன். அம்மையார் ஆட்களோடு வந்து மீதி நான்கு உருவங்களையும் காப்பாற்ற முடிந்த அளவு காப்பாற்றினார். நாயை மீட்க வழியில்லை என்று எழுதிவிட்டுப் போனார். ஒரு வருடம் கழித்து நான் மறுபடி மலைக்கு வந்த பிறகும் கோம்பைக்காரர்கள் வந்து நாய் எங்கே என்று கேட்பார்கள். நான்தான் அழித்தேன் என்று சொல்லிவிடுவேன். சிலர் திட்டுவார்கள். கேட்டுக்கொள்வேன். நீங்களும் அதைச் சொல்ல வேண்டி வரும், என்னைக் காட்டியே சொல்லுங்கள். மீதி நான்கு பேரைக் காட்ட ஒரு வழி சொல்கிறேன். மேலே போனதும் வந்தவர்களைச் சுவருக்கு எதிரில் கால் மணி நேரம் பேசாமல் உட்கார வையுங்கள். வெயிலில் நடந்து வந்த கண் நிழலுக்குப் பழகும். முதலில் ஒரு கோல் தெரியும், பிறகு அதைப் பிடித்த கை தெரியும். தாங்களே கண்டுபிடித்தவர்கள் முகம் விழுந்து நான் பார்த்ததில்லை.

இதோடு முடிந்திருந்தால், தவறு செய்தேன், ஒப்புக்கொண்டேன், தண்டனை அனுபவித்தேன் என்று நிம்மதியாக எழுதி முடித்திருப்பேன். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதிவறையில் மூன்றாவது மாதம், கட்டு கட்டாகக் கிடந்த கோப்புகளை வரிசைப்படுத்தியபோது ஒரு நகல் கையில் சிக்கியது. நீண்ட நாள் தற்காலிகப் பணியாளர்களை நிரந்தரமாக்க மேலே அனுப்பிய பெயர்ப் பட்டியல். அதில் அண்ணனின் பெயர் தட்டச்சு செய்யப்பட்டு, பேனாவால் அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் “நடவடிக்கை நிலுவை” என்று குறிப்பு. அனுப்பிய தேதியைப் பார்த்தேன். அம்மையார் வந்துபோன ஒன்பதாம் நாள்.

பக்கத்து மேசை அக்காவிடம் காட்டி, திருத்த முடியாதா என்று கேட்டேன். அவர் இருபது வருடமாக அந்த மேசையில் இருப்பவர்.

“பட்டியல் போயி, உத்தரவும் வந்துருச்சே. இனி அடுத்த பட்டியல் எப்ப எடுப்பாகளோ. அதுக்குள்ள இவருக்கு வயசு தாண்டிரும். பாவம், தேனிப் பக்கம் வாரப்பல்லாம் இங்கன எட்டிப் பாத்து, ‘பட்டியல் வந்துருச்சாம்மா’ன்னு கேட்டுட்டுப் போறாரு. வரலன்னே சொல்லி அனுப்பிட்டிருக்கேன்.”

அந்தத் தாளை நான் மறுபடி கட்டுக்குள் வைத்திருக்கலாம். அண்ணனால் அதைப் படிக்க முடியாது. அக்கா சொல்லப் போவதில்லை. அலுவலர் மாறுதலில் போய்விட்டார். கேட்க ஆளில்லாத இடத்தில்தான் நம் வேலையின் பெரும்பகுதி நடக்கிறது என்பதை நீங்கள் போகப்போகப் பார்ப்பீர்கள். காட்டிலும் அப்படித்தான், பதிவறையிலும் அப்படித்தான்.

மதியத்துக்கு மேல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கோம்பைக்குப் பேருந்து ஏறினேன். சோதனைக் கம்பியில் இருந்தவர், நேரமாகிவிட்டது, போகக் கூடாது என்றார். காரணம் சொன்னதும் விட்டார். புடவை அடைந்தபோது அன்றைய ஆட்கள் இறங்கிப் போயிருந்தார்கள். அண்ணன் தனியாக, அம்மையார் புதிதாகப் போடச் சொன்ன கம்பிக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன தாயி இந்நேரத்துல? அஞ்சு மணிக்குப் பூட்டணும், தெரியும்ல?”

“தெரியும்ணே. ஒண்ணு சொல்லணும்.”

“ஒக்காந்து சொல்லு. மூச்சு வாங்குது பாரு.”

உட்காரவில்லை. “பட்டியல் அப்பவே போயிருச்சுண்ணே. உங்க பேர அடிச்சிட்டாக. அன்னைக்கு உங்க மேல நடவடிக்கை இருந்துச்சுல்ல, அதனால. இனி சேக்க முடியாதாம்.”

அவர் எண்ணெய்க் கிண்ணத்தைப் பாறைமேல் படாமல் தரையில் வைத்தார். விரல்களைத் துணியில் ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

“என்னைக்குப் போச்சு?”

“மேடம் வந்துட்டுப் போன ஒம்பதாம் நாளு.”

“நீ எழுதிக் குடுத்தது?”

“பதினோராம் நாளு.”

“ரெண்டு நாளு” என்றார்.

“ஆமாண்ணே.”

ஐந்து மணி ஆகியிருந்தது. அவர் என்னை முன்னால் இறங்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். காட்டில் கடைசி ஆளுக்குப் பின்னால்தான் காவலாளி நடக்க வேண்டும். அடிவாரம் வரை அப்படியே எனக்குப் பின்னால் நடந்து வந்தார்.